கோலாலம்பூரில் 'கொட்': புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் கோலாலம்பூரில் முதல் சில வாரங்கள் அதிகம் திணறுகிறார்கள். கல்லாவில் இருப்பவர் 'கொட் டென் சென்?' என்று கேட்பார். படித்தவர் மனம் உடனே இலக்கணத்தைத் தேடும். எழுவாய் எங்கே, 'டூ யூ' எங்கே, நடப்பதைக் கேட்க இறந்தகாலம் எதற்கு? அதற்குள் வரிசையில் பின்னால் நிற்பவர் முனக ஆரம்பித்துவிடுவார்.

வழி எளிது. ஆங்கில 'கெட்'டின் இறந்தகாலமான இந்தக் 'கொட்' காதில் விழுந்தால் அந்த இடத்தில் தமிழ் 'இருக்கு'வைப் போட்டுப் பாருங்கள். 'பத்துக் காசு இருக்கா?' அவ்வளவுதான் கேள்வி. கடை, ரயில், வாடகை அறை, அலுவலகம் என்று எங்கே போனாலும் இந்தச் சூத்திரம் பெரும்பாலும் கைகொடுக்கும். கைவிடும் இடங்களும் உண்டு. அவற்றையும் வரிசையில் சொல்கிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் இதைக் 'காட்' என்று எழுதுவார்கள். இங்கே வாய் அவ்வளவு திறப்பதில்லை. 'கொட்' என்றுதான் கேட்கும், கடைசி 'ட்' பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் 'கொட்' என்றே எழுதுகிறேன்.

புத்தகத்தில் உள்ளதை முதலில் ஒதுக்கி வைப்போம்

'கெட்' என்ற வினைச்சொல் ஆங்கிலத்துக்குப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'கொட்' அதன் இறந்தகாலம். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்றும் ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் அது பெரும்பாலும் வழக்கொழிந்துபோனாலும் 'ஃபர்காட்டன்' போன்ற சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஐ ஹேவ் கொட் எ கார்' என்றால் கார் இருக்கிறது. 'ஐ ஹேவ் கொட் டு கோ' என்றால் போயாக வேண்டும். 'ஹீ கொட் ஃபைன்ட்' என்றால் அபராதம் வாங்கினான். 'கொட் இட்' என்றால் புரிந்தது. இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான், கோலாலம்பூர் அலுவலகங்களிலும் இவை அப்படியே புழங்குகின்றன. இதற்கு மேல் இன்னொரு 'கொட்' இங்கே ஓடுகிறது. அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

ஏன் 'இருக்கு' பொருந்துகிறது

ஆங்கிலம் ஒரு விஷயத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. என்னிடம் காசு இருந்தால் 'ஹேவ்', மேசையில் காசு இருந்தால் 'தேர் இஸ்'. தமிழில் இந்தப் பிரிவு கிடையாது. என்கிட்ட காசு இருக்கு, மேசையில் காசு இருக்கு, இரண்டுக்கும் ஒரே சொல். மலாயிலும் அப்படித்தான். 'அடா' என்ற ஒரே சொல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். கோலாலம்பூர் சீனர்களிடம் அதிகம் கேட்கும் கேன்டனீஸில் 'யாவ்', பினாங்கு ஹொக்கியனில் 'ஊ', வேலை ஒன்றுதான். இவ்வளவு பேரும் சேர்ந்து கடைத்தெருவில் ஆங்கிலம் பேசினால் யாருக்கும் தேவைப்படாத பிரிவு எதற்கு நிற்கும்? அது போனது, 'கொட்' நின்றது. மொழியியலில் இதற்குச் சீன மொழிகளையும் மலாயையும்தான் முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். இதில் தமிழுக்கு எவ்வளவு பங்கு என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் தமிழர் காதுக்கு இது எளிதில் பிடிபடும்.

'கொட் ஆர் நாட்?' என்ற கேள்வியும் இதே வழியில் வந்ததுதான். கேன்டனீஸில் 'யாவ் மோ?' என்பார்கள், அதாவது 'இருக்கா இல்லையா'. சிலருக்கு இது அதட்டலாகக் கேட்கிறது. அதட்டல் இல்லை, சாதாரணக் கேள்விதான்.

முதல் படி: கேட்கவும் பதில் சொல்லவும் பழகுங்கள்

கேள்விக்கு 'கொட்'டை முன்னால் போட்டு, வேண்டிய பொருளைப் பின்னால் வைத்தால் போதும். 'கொட் மீடியம் சைஸ்?', 'கொட் அதர் கலர்?', 'கொட் டிஸ்கவுண்ட்?' மஸ்ஜித் இந்தியா பக்கம் துணி வாங்கப் போனால் இந்த மூன்றும் போதும்.

பதில் சொல்லும்போது பலர் 'எஸ்' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் இங்கே கேள்வியில் இருக்கும் சொல்லையே திருப்பிச் சொல்வதுதான் வழக்கம். தமிழில் 'சில்லறை இருக்கா?' என்றால் 'ஆம்' என்றா சொல்கிறோம்? 'இருக்கு' என்கிறோம். அதேபோல 'கொட்'. இல்லையென்றால் 'நோ கொட்' என்று சொல்லிவிடாதீர்கள், அப்படி யாரும் பேசுவதில்லை. 'டோன்ட் ஹேவ்' என்று சொல்லலாம். தீர்ந்துபோயிருந்தால் 'ஃபினிஷ் ஆல்ரெடி' அல்லது 'நோ மோர்'. மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், இரவு நேரம் கழித்து ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) கேட்டால் இந்த 'ஃபினிஷ் ஆல்ரெடி' காதில் விழ வாய்ப்பு அதிகம். அந்தக் கடைகளில் பலவற்றில் பரிமாறுபவருக்குத் தமிழே தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். 'அண்ணே, ரொட்டி இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம்.

அந்தப் பத்துக் காசுக் கேள்விக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2008 ஏப்ரல் முதல் மலேசியக் கடைகளில் ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிசெய்துவிடுகிறார்கள், ஒரு சென் நாணயம் புழக்கத்தில் வேண்டாம் என்று. இருந்தாலும் சில்லறைத் தொல்லை தீரவில்லை. 15 வெள்ளி (ரிங்கிட்) 10 காசு ஆகிறது, நீங்கள் 20 வெள்ளித் தாளை நீட்டுகிறீர்கள். 4 வெள்ளி 90 காசு பொறுக்கித் தருவதற்குப் பதிலாகக் கல்லாவில் இருப்பவர் 'கொட் டென் சென்?' என்கிறார். பத்துக் காசு கொடுத்தால் ஒற்றை ஐந்து வெள்ளித் தாள் கைக்கு வரும். இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றும் சென் என்பதைக் காசு என்றும் சொல்வார்கள். அதையும் பழகிக்கொள்ளுங்கள். இப்போது நிறையக் கடைகளில் கியூஆர் வந்துவிட்டதால் கேள்வி உங்கள் பக்கத்திலிருந்தும் போகலாம்: 'கொட் கியூஆர்?'

இரண்டாம் படி: வாலைக் கவனியுங்கள்

'கொட்' ஒன்றுதான். பின்னால் ஒட்டும் சின்ன ஒலி பொருளை மாற்றிவிடும். புதிதாக வந்தவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

'கொட் ஆ?' என்றால் வெறும் கேள்வி: இருக்கா? 'கொட் லா' என்றால் 'இருக்குப்பா, ஏன் சந்தேகப்படுறே' என்ற ஆறுதல், சில நேரம் கொஞ்சம் சலிப்பு. 'கொட் மெ?' என்றால் நம்பாத கேள்வி: 'அப்படியா, நிஜமாவே இருக்கா?' இந்த 'மெ' கேன்டனீஸிலிருந்து வந்தது. 'கொட் வாட்' என்று குரல் இறங்கி முடிந்தால் அதில் கேள்வியே இல்லை. 'இருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?' என்று அர்த்தம். 'வாட்' கேட்டதும் எதையோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

இந்த வால்களை நீங்களே ஒட்டிப் பேச அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. வந்த புதிதில் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போட்டால் கேலி செய்வதுபோல் கேட்கும். 'கொட்'டை மட்டும் வைத்துக்கொண்டு பேசுங்கள், மற்றது காதில் ஊறி ஊறித் தானாக வரும். உள்ளூர்த் தமிழர்களுக்கு அது தமிழிலேயே கலந்துவிட்டது. 'இருக்குலா' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்.

மூன்றாம் படி: இடத்தைச் சொல்லும் வாக்கியம்

'அப்ஸ்டேர்ஸ் கொட் டாய்லெட்.' 'மேல டாய்லெட் இருக்கு.' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் முதலில் வருவது இரண்டிலும் ஒன்றுதான். கடைசி இரண்டு சொற்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. 'அவுட்சைட் கொட் ஒன் மேன் வெயிட்டிங்' என்றால் வெளியே ஒரு ஆள் காத்திருக்கிறார். கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகை வண்டி) ஓட்டுநர் கைப்பேசியில் 'யுவர் காண்டோ கொட் ஹவ் மெனி லாபி?' என்று கேட்டால் உங்கள் அடுக்குமாடியில் எத்தனை வாசல் கூடம் இருக்கிறது என்று கேட்கிறார். எங்கே வந்து நிற்பது என்று தெரிய வேண்டும் அவருக்கு. 'போஸ், கம் டு லாபி பி' என்று சொன்னால் போதும். 'போஸ்' இங்கே முதலாளிக்கு மட்டும் உரிய சொல் இல்லை. ஓட்டுநரையும் கூப்பிடலாம், அவரும் உங்களைக் கூப்பிடுவார்.

கழிப்பறைக் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து 'கொட் பீப்பள்!' என்று குரல் வரும். நாமும் 'ஆள் இருக்கு' என்றுதானே கத்துகிறோம். உணவுக்கூடத்தில் காலி நாற்காலியைக் காட்டி 'ஹியர் கொட் பீப்பள் ஆ?' என்றால் 'இங்க ஆள் இருக்காங்களா?'. 'கொட்' என்று பதில் வந்தால், நாற்காலி கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தாலும் உட்காராதீர்கள். ஆள் சாப்பாடு வாங்கப் போயிருப்பார்.

நான்காம் படி: அறை தேடும்போது எச்சரிக்கை

வாடகைக்கு அறை பார்க்கும்போது 'கொட்' நன்றாக உதவும், நன்றாக ஏமாற்றவும் செய்யும். 'கொட் ஏர்கான்?', 'கொட் வாட்டர் ஹீட்டர்?', 'கொட் பார்க்கிங்?' என்று கேட்பீர்கள். எல்லாவற்றுக்கும் 'கொட், கொட்' என்று பதில் வரும். அந்தப் பதில் சொல்வது ஒன்றைத்தான்: பொருள் இருக்கிறது. அது ஓடுகிறதா, வாடகைக்குள் அடங்குமா, தனிக் காசா என்று அது சொல்லவில்லை. பார்க்கிங் 'கொட்' என்றால் கட்டடத்தில் பார்க்கிங் இருக்கிறது, உங்களுக்கு இடம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஆகவே ஒவ்வொரு 'கொட்'டுக்கும் பின்னால் 'இன்க்ளூடட் ஆர் நாட்?' என்று இன்னொரு கேள்வியையும் போடுங்கள். ஏர்கானை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். சமைக்கலாமா என்று கேட்க 'கொட் குக்கிங்?' சரிவராது, அனுமதி கேட்பதற்கு 'கேன்' தான்: 'கேன் குக் ஆர் நாட்?'. 'லைட் குக்கிங்' என்று பதில் வந்தால் முட்டை பொரிக்கலாம், மீன் குழம்பு வைக்க முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு வீடு எடுப்பதென்றால் வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதற்கு மேல் முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். தனி அறைக்கு இது கூடவோ குறையவோ இருக்கும். ஒப்பந்தம் எழுதி அதற்கு முத்திரைத்தீர்வை கட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்ன 'கொட்' எதுவும் அந்தத் தாளில் இல்லையென்றால் பின்னால் சண்டைக்கு உதவாது. என் தோழி ஒருத்தியின் அறை உரிமையாளர் வாஷிங் மெஷின் 'கொட்' என்றுதான் சொன்னார். மெஷின் இருந்தது, அவருடைய வீட்டில்.

ஐந்தாம் படி: 'கொட்'டுக்குப் பின்னால் வினைச்சொல் வந்தால்

'இருக்கு' சூத்திரம் கொஞ்சம் வளைய வேண்டிய இடம் இது. 'ஐ கொட் கோ' என்றால் போனேன், போயிருக்கேன். 'யூ கொட் கால் தி கஸ்டமர்?' என்றால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டீர்களா? 'ஷி கொட் டெல் மீ' என்றால் அவள் சொன்னாள். நடந்துவிட்ட செயலை அழுத்திச் சொல்லும் வழக்கம் இது. ஹொக்கியனில் 'ஊ' என்ற சொல்லை வினைக்கு முன்னால் வைத்து இப்படித்தான் பேசுவார்கள். 'போயிருக்கேன்' என்பதற்குள்ளேயே ஒரு 'இருக்கு' உட்கார்ந்திருப்பதால் தமிழர்களுக்கு நினைவில் வைப்பது எளிது.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது 'ஐ காட்டா கோ'. படங்களில் கேட்டிருப்பீர்கள், 'நான் கிளம்பணும்' என்று பொருள். 'ஐ கொட் கோ' அதற்கு நேர் எதிர்த் திசை, போய்விட்டு வந்தாயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன 'டு' ஒலிதான். மேலதிகாரி 'யூ கொட் சென்ட் தி ரிப்போர்ட்?' என்று கேட்கும்போது, அனுப்ப வேண்டும் என்று ஆணையிடுவதாக நினைத்து 'ஓகே, வில் டு' என்று பதில் சொன்னால் அவர் முகம் சுருங்கும். நேற்றே அனுப்பியிருக்க வேண்டியதைப் பற்றி அவர் விசாரித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, இதன் எதிர்மறை. 'கொட் கால்' என்பதற்கு எதிர்ப்பதம் பல நேரம் 'நெவர் கால்'. 'ஹீ நெவர் பிக் அப்' என்றால் அந்த ஆள் வாழ்நாளில் போனே எடுப்பதில்லை என்று அர்த்தமில்லை. இந்தத் தடவை எடுக்கவில்லை, அவ்வளவுதான். 'ஹீ நெவர் பே' என்று கணக்குப் பிரிவில் ஒருவர் சொன்னார் என்பதற்காக வாடிக்கையாளரை மோசடிக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். இன்னும் கட்டவில்லை.

ஆறாம் படி: 'வேர் கொட்'

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'வேர் கொட்!' என்பதை 'எங்கே கிடைத்தது?' என்று மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். அது மறுப்பு. 'நீ என்கிட்ட சொல்லவே இல்லை' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் 'வேர் கொட்!' என்கிறார். மலாயில் 'மானா அடா'. தமிழில் நாம் பேசுவதும் இதே முறைதான். 'நான் எங்க அப்படிச் சொன்னேன்?' என்று கேட்கும்போது இடத்தையா விசாரிக்கிறோம்? 'அவனுக்கு எங்க புத்தி இருக்கு?' என்பதும் இந்த வகைதான்.

பாராட்டுக்குப் பதிலாகவும் வரும். 'யுவர் மலாய் வெரி குட்' என்றால் 'வேர் கொட்!' என்று சிரித்துத் தள்ளிவிடலாம். நம் ஊர் 'அட, எங்கேங்க' போல. நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். மேலதிகாரி சுட்டிக்காட்டும் தவறுக்கு இதைப் பதிலாகச் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகவே படும். அங்கே வேண்டாம்.

ஏழாம் படி: 'கொட்' வராத இடத்தில் 'கெனா'

புத்தக ஆங்கிலத்தில் 'கொட் ஃபைன்ட்', 'கொட் ஸ்கோல்டட்' என்று சொல்லும் இடத்தில் இங்கே மலாய்ச் சொல் 'கெனா' நுழைந்துவிடும். 'கெனா சம்மன்' என்றால் போக்குவரத்து அபராதம். 'கெனா மாரா' என்றால் திட்டு விழுந்தது. 'கெனா தீப்பு' என்றால் ஏமாந்தாயிற்று. கெட்டது வந்து சேரும்போதுதான் பெரும்பாலும் இது வரும். 'கெனா'வின் அடிப்படைப் பொருள் தொடுவது, மேலே படுவது. தமிழில் கை 'பட்டது' என்கிறோம், அடி'பட்டான்' என்றும் சொல்கிறோம். அந்தப் 'படு'வை நினைத்துக்கொண்டால் 'கெனா' மறக்காது.

எங்கே நிறுத்த வேண்டும்

மருத்துவமனையில் முதலில். கிளினிக்கில் 'கொட் ஃபீவர்?', 'கொட் காஃப்?' என்பதெல்லாம் சிக்கலில்லை. 'கொட் பேனல்?' என்று வரவேற்பில் கேட்டால், உங்கள் நிறுவனம் அந்த கிளினிக்கோடு ஏற்பாடு வைத்திருக்கிறதா என்று பொருள். இருந்தால் பெரும்பாலும் கையிலிருந்து காசு போகாது. 'வாண்ட் எம்சி?' என்றால் மருத்துவ விடுப்புச் சான்று வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆனால் 'கொட் டேக் மெடிசின்?' என்பதில் கவனம் வேண்டும். 'மருந்து சாப்பிட்டீர்களா?' என்பது கேள்வி, சாப்பிடுங்கள் என்ற அறிவுரை இல்லை. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று முழுதாகச் சொல்லுங்கள். 'கொட் அலர்ஜி?' என்பதற்கும் அப்படித்தான், ஒவ்வாத மருந்தின் பெயரையே சொல்லிவிடுங்கள்.

அலுவலக மின்னஞ்சலில் இந்த 'கொட்' வேண்டாம். 'டூ யூ ஹேவ்', 'தேர் இஸ்', 'ஹேவ் யூ ரிசீவ்ட்' என்று எழுதுங்கள். பக்கத்து மேசைக்காரர் வாயால் எப்படிப் பேசினாலும் அவரும் மின்னஞ்சலில் அப்படித்தான் எழுதுவார். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன? உள்குழு வாட்ஸ்அப்பில் மட்டும் 'கொட் அப்டேட்?' ஓடும். வேலை நேர்காணல், வங்கி, காவல் நிலையம், வெளிநாட்டு வாடிக்கையாளருடன் தொலைபேசி, இங்கெல்லாம் புத்தக ஆங்கிலமே பாதுகாப்பு. 'ஐ கொட் பே' என்பதை லண்டனில் இருப்பவர் 'நான் கட்ட வேண்டும்' என்று புரிந்துகொள்ளவும் கூடும், கட்டிய பணத்துக்கு இன்னொரு விலைச்சீட்டு வந்து சேரும்.

இந்தப் பேச்சை உடைந்த ஆங்கிலம் என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். 'கொட்' எங்கே வரும், எங்கே வராது, மறுக்கும்போது எந்தச் சொல்லாக மாறும் என்று மேலே இவ்வளவு விதிகளைப் பார்த்தோமே, உடைந்த ஒன்றுக்கு இத்தனை விதி இருக்காது. ஆனாலும் பள்ளித் தேர்வில் இதை எழுதினால் இங்குள்ள ஆசிரியரும் சிவப்பு மையில் சுழிப்பார்.

அரசாங்க அலுவலகத்துக்குப் போனால் ஆங்கிலத்தைவிட மலாயே சீக்கிரம் வேலையை முடிக்கும். அங்கே 'கொட்'டை எடுத்துவிட்டு 'அடா'வைப் போடுங்கள். முகப்பில் இருக்கும் பெண்ணை 'கக்' என்றும் ஆணை 'பாங்' என்றும் கூப்பிட்டு, 'போராங் அடா?' என்று கேளுங்கள், படிவம் இருக்கா என்று பொருள். 'அடா' என்றால் கையில் தருவார்கள். 'தக்டே' என்றால் இல்லை. அப்போது 'டி மானா?' என்று கேட்டால் எந்த முகப்புக்குப் போக வேண்டும் என்று கை காட்டுவார்கள்.